அழற்சி எதிர்ப்பு மருந்துகளின் கரைதிறனைப் பாலிமர் நானோதுகள்களால் கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மருந்துகளுக்கு இது தேவைப்படுகிறது?

ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், கீட்டோப்ரோஃபென், இண்டோமெதசின், மெலாக்சிகாம், பைராக்சிகாம், செலிகாக்சிப் ஆகிய எல்லாமே குடல் சுவரை எளிதாகக் கடந்துவிடும். ஆனால் நீரில் கரைய மறுக்கும். 25 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 21 மி.கி. ஐபுப்ரோஃபென்தான் கரையும். 400 மி.கி. மாத்திரை ஒன்று முழுதாகக் கரைய 19 லிட்டர் நீர் வேண்டும். ஒரு மருந்து 'நன்கு கரைவது' என்ற பெயரை வாங்க வேண்டுமானால், அதன் அதிகபட்ச வேளை அளவு பி.எச். 1.2 முதல் 6.8 வரை எங்கும் 250 மி.லி. நீர்மத்தில் கரைந்தாக வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், இண்டோமெதசின் போன்றவை வலிமை குறைந்த அமிலங்கள். இவற்றின் பிகேஏ மதிப்பு (மருந்தில் பாதி அயனியாகும் பி.எச்.) 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கிறது. பி.எச். அதைவிட ஓர் அலகு ஏறினால் கரைதிறன், அயனியாகாத நிலையில் இருந்ததைப்போல் சுமார் 11 மடங்காகும், இரண்டு அலகு ஏறினால் சுமார் 101 மடங்காகும். அதனால் இவை இரைப்பையில் கரையாமல் கிடந்தாலும் சிறுகுடலில் ஓரளவு தாமாகவே கரைந்துவிடும். செலிகாக்சிப் அப்படியல்ல. அதன் பிகேஏ 11-ஐ ஒட்டியது என்பதால் குடலில் எந்த இடத்திலும் பி.எச். அதற்குக் கைகொடுக்காது. நானோதுகள் (ஒரு மைக்ரானுக்கும் சிறிய, மருந்தைத் தாங்கிய பாலிமர் துகள்) வேலைக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது முதலில் இதைப் பாருங்கள். ஐபுப்ரோஃபெனை விரைவாகக் கரைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், அதன் சோடியம் உப்போ லைசின் உப்போ போதும். அதற்காக நானோதுகள் செய்வது வீண் உழைப்பு.

நானோதுகள் ஆக்கினால் கரைதிறன் உண்மையிலேயே கூடுமா?

இந்தத் துறையில் குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். 'கரைதிறன் கூடியது' என்ற ஒரே சொற்றொடருக்குள் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, கரையும் வேகம். 10 மைக்ரான் விட்டமுள்ள துகளை 200 நானோமீட்டராக உடைத்தால் அதே எடைக்குப் புறப்பரப்பு 50 மடங்காகும். வேகமும் ஏறத்தாழ அதற்கேற்ப ஏறும். ஆனால் கடைசியில் எவ்வளவு கரைந்து நிற்கும் என்ற அளவு மாறாது.

இரண்டாவது, துகள் சிறுத்ததால் மட்டும் ஏறும் கரைதிறன். இதைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம். இடைமுக ஆற்றல் மீட்டருக்கு 0.02 நியூட்டன், மோலார் பருமன் 200 கன செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 200 நானோமீட்டர் படிகத் துகளுக்குக் கிடைக்கும் ஏற்றம் சுமார் 3 சதவீதம்தான். 20 நானோமீட்டருக்குப் போனால் 38 சதவீதம். அளவைக் குறைத்ததாலேயே கரைதிறன் 20 மடங்கு ஏறியது என்று யாராவது சொன்னால், அந்த எண் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

மூன்றாவது, படிகம் குலைந்த நிலை. பாலிமருக்குள் மூலக்கூறு மூலக்கூறாகச் சிதறியிருக்கும் மருந்துக்குப் படிகத்தை உடைக்கும் ஆற்றல் செலவில்லை. அது நீரில் மீதெவிட்டிய (வழக்கமாகத் தாங்கும் அளவைவிட அதிக மருந்து கரைந்த) கரைசலைத் தரும். உண்மையான பலன் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் மீதெவிட்டல் நிலையற்றது. மருந்து மீண்டும் படிகமாவதைத் தடுத்துப் பிடிக்க எச்.பி.எம்.சி., பி.வி.பி. போன்ற பாலிமர் கரைசலில் இருக்க வேண்டும்.

நான்காவது, மருந்து துகளுக்குள்ளேயோ மைசெல்லுக்குள்ளேயோ (சோப்பு போன்ற பரப்புச் செயலி மூலக்கூறுகள் கூடிய நுண்ணுருண்டை) ஏறி மிதப்பது. அளந்தால் பெரிய எண் வரும். ஆனால் குடல் சுவரைக் கடப்பது தனித்து நிற்கும் மருந்து மூலக்கூறுதான். மைசெல்லுக்குள் அடைபட்டது அப்படியே கடக்காது. பரப்புச் செயலியை அள்ளிப் போட்டுக் கரைதிறனை ஏற்றினால், தனித்த மருந்தின் பங்கு குறைந்து, உறிஞ்சப்படும் வேகம் எதிர்பார்த்தபடி ஏறாமல் போவது இதனால்தான்.

உங்கள் முடிவு இந்த நான்கில் எதைச் சேர்ந்தது என்று சொல்ல முடிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

எந்தப் பாலிமரை எடுப்பது?

நோக்கத்தைப் பொறுத்தது. பி.எல்.ஜி.ஏ. பெயர் பெற்ற பாலிமர் என்பதற்காகவே பலர் அதை எடுக்கிறார்கள். அது நீரில் கரையாது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் சிதைந்து மருந்தை மெல்ல விடும். மூட்டுக்குள் செலுத்தும் ஊசி போன்ற நீண்டகால வெளியீட்டுக்குப் பொருத்தமானது. வாய்வழியாகக் கொடுத்து விரைவாகக் கரைய வேண்டிய மருந்தை அதற்குள் பூட்டுவது நோக்கத்துக்கே எதிரானது.

சிறுகுடலில் சட்டென்று கரைய வேண்டுமானால் யூட்ராஜிட் எல் 100 (பி.எச். 6-க்கு மேல் கரையும்), யூட்ராஜிட் எல் 100-55 (5.5-க்கு மேல்), எச்.பி.எம்.சி.ஏ.எஸ். ஆகியவை நல்ல தேர்வு. யூட்ராஜிட் ஆர்.எஸ்., ஆர்.எல். இரண்டிலும் நேர்மின் அம்மோனியம் தொகுதிகள் உண்டு. அமில மருந்துகள் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மருந்து ஏற்றம் (துகளுக்குள் தங்கும் மருந்தின் பங்கு) நன்றாக வரும், வெளியீடு மெதுவாகும். கண்ணில் விடும் சிதறல்களுக்கு இவற்றை நாடுவது அந்தக் குணத்துக்காகத்தான். கைட்டோசன் சளிப்படலத்தில் ஒட்டும், ஆனால் அமில பி.எச்.-இல்தான் கரையும். கரையாத அமில மருந்தும் கைட்டோசனும் ஒரே நீர்மத்தில் ஒத்துப்போக வைப்பது எளிதல்ல.

முதல்முறை செய்து பார்க்க எந்த மருந்து ஏற்றது?

இண்டோமெதசின். 320 நானோமீட்டரில் தெளிவாக ஒளியை உறிஞ்சும். பாலிமர்களும் பரப்புச் செயலிகளும் அந்த அலைநீளத்தில் ஏறக்குறைய அமைதியாக இருக்கும். ஐபுப்ரோஃபெனின் உச்சம் 222 நானோமீட்டர். அங்கே எல்லாப் பொருளும் சத்தம் போடும். இண்டோமெதசினை வெளிச்சத்திலிருந்து காக்க வேண்டும். காரக் கரைசலில் அது நீராற்பகுப்படைந்துவிடும் என்பதால் மாதிரிகளைக் காரத்தில் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

செய்முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நானோவீழ்படிவு முறை. 1989-இல் ஃபெஸ்ஸியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இந்த முறையில் துகளை உருவாக்கக் கலக்கியும் சிரிஞ்சு பம்பும் போதும். கீழே உள்ள அளவுகள் தொடக்கப் புள்ளிதான். உங்கள் பாலிமருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. 20 மி.கி. இண்டோமெதசினையும் 100 மி.கி. யூட்ராஜிட் எல் 100-ஐயும் 10 மி.லி. எத்தனாலில் கரையுங்கள். பாலிமரை முதலில் போட்டு, முழுக்கத் தெளிந்த பிறகு மருந்தைச் சேருங்கள். கரைசல் கண்ணாடிபோல் தெளிவாக இல்லையென்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. 50 மி.லி. நீரில் 0.5 சதவீதம் பாலிவினைல் ஆல்கஹால் கரையுங்கள். இது குளிர்ந்த நீரில் கட்டிதட்டும். 80 முதல் 90 டிகிரியில் கலக்கிக் கரைத்து, ஆறவிட்டு, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டு பி.எச்.-ஐ 3.5-க்குக் கொண்டுவாருங்கள்.

3. நீர்மத்தைக் காந்தக் கலக்கியில் நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றில் வையுங்கள். எத்தனால் கரைசலை மெல்லிய ஊசி வழியாக நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் விடுங்கள். ஊசிமுனை நீர்மத்துக்குள், சுழிக்கு அருகில் இருக்கட்டும். நீலச் சாயல் கொண்ட பால்போன்ற சிதறல் வந்தால் துகள் சிறிதாக அமைந்திருக்கிறது. சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெளுத்தால் பெரிதாகிவிட்டது.

4. சுழல் ஆவியாக்கியில் 35 முதல் 40 டிகிரியில் எத்தனாலை நீக்குங்கள். வெற்றிடத்தை மெதுவாக ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் பாலிவினைல் ஆல்கஹால் நுரைத்து, சிதறல் பாதி குழாய்க்குள் ஏறிவிடும்.

5. 1,000 ஜி (புவியீர்ப்பைப்போல் 1,000 மடங்கு) விசையில் 5 நிமிடம் மையவிலக்கில் சுற்றிக் கட்டிகளையும் வெளியே விளைந்த மருந்துப் படிகங்களையும் ஒதுக்குங்கள். மேலே நிற்கும் சிதறல்தான் உங்கள் மாதிரி. ஒதுக்கியதைக் கொட்டிவிடாமல் அதிலும் மருந்தை அளங்கள். கணக்கு அப்போதுதான் நேராகும்.

மருந்து சேர்க்காத வெற்றுத் துகள்களையும் இதே முறையில் ஒரு தொகுதி செய்துவையுங்கள். பின்னால் வரும் எல்லா அளவீட்டுக்கும் அது வேண்டும்.

நீர்மத்தின் பி.எச்.-ஐ ஏன் குறைக்கச் சொல்கிறீர்கள்?

பி.எச். 7 நீர்மத்தில் இண்டோமெதசின் அயனியாகி, பாலிமர் இறுகும் முன்பே வெளியே ஓடிவிடும். பி.எச். அதன் பிகேஏ ஆன 4.5-க்குக் கீழே இருந்தால் மருந்து நீரை வெறுத்துப் பாலிமரோடு தங்கும். யூட்ராஜிட் எல் 100-உம் பி.எச். 6-க்கு மேல் கரைந்தேபோகும். டைக்ளோஃபெனாக் சோடியம் உப்பை அப்படியே எடுத்துச் செய்பவர்களுக்கு ஏற்றம் மிகக் குறைவாக வருவதும் இதே காரணத்தால்தான். உப்பை விட்டுவிட்டு அமில வடிவத்தை எடுங்கள்.

ஏற்றத்தை எப்படிக் கணக்கிடுவது? எவ்வளவு வந்தால் போதும்?

அடைபட்ட சதவீதமும் மருந்து ஏற்றமும் வேறுவேறு. 20 மி.கி. போட்டு 14 மி.கி. துகளுக்குள் தங்கினால் அடைபட்டது 70 சதவீதம். பாலிமர் 100 மி.கி. முழுதும் துகளாகியிருந்தால் 114-இல் 14, அதாவது ஏற்றம் சுமார் 12.3 சதவீதம். முதல் எண் அழகாக இருக்கும், நோயாளிக்கு உதவுவது இரண்டாவது எண்.

5 சதவீத ஏற்றமுள்ள ஐபுப்ரோஃபென் துகளில் 400 மி.கி. கொடுக்க 8 கிராம் பொடி விழுங்க வேண்டும். அது மருந்தாக ஆகாது. ஆனால் 10 சதவீத ஏற்றத்தில் 7.5 மி.கி. மெலாக்சிகாமுக்கு 75 மி.கி. பொடி போதும், ஒரு சிறு கேப்சூலில் அடங்கும். 200 மி.கி. செலிகாக்சிப் 10 சதவீதத்தில் 2 கிராம், எல்லைக்கோட்டில் நிற்கிறது. வேளை அளவு பெரிதாக உள்ள மருந்துக்குப் பாலிமருக்குள் அடைப்பதைவிட, மருந்தையே அரைத்து நானோபடிகமாக்கி மேலே மெல்லிய பாலிமர் போர்வை தருவது மேல். எந்த வேதியியலையும் தொடங்கும் முன் இந்தப் பெருக்கல் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

செய்தது சரியாக வரவில்லை. எங்கே பார்ப்பது?

ஊசிமுனையிலேயே வெள்ளையாகக் கட்டி அடைத்தால் பாலிமர் செறிவு அதிகம், அல்லது ஓட்டம் மெதுவாகி முனையிலேயே கரைப்பான் பிரிகிறது. மி.லி.க்கு 10 மி.கி. பாலிமரை 5-க்குக் குறைத்துப் பாருங்கள்.

துகள் அளவு விரிந்து கிடந்தால் (ஒளிச்சிதறலால் துகள் அளவை அளக்கும் டி.எல்.எஸ். கருவியில், அளவுப் பரவலைக் காட்டும் பி.டி.ஐ. எண் 0.3-க்கு மேல்) பெரும்பாலும் கலக்கலில்தான் கோளாறு. கரைப்பானும் நீரும் கலக்கும் நேரம் துகள் பிறக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முகவையின் அளவு, காந்தத் துண்டின் நீளம், ஊசியின் இடம் மூன்றையும் குறித்துவையுங்கள். நேற்று வந்தது இன்று வராததற்கான காரணம் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றில் இருக்கும். பெரிய அளவில் செய்யப்போகிறவர்கள் முகவையை விட்டுவிட்டு, இரு ஓட்டங்களும் ஒரு குறுகிய சந்தியில் மோதும் கலப்பானுக்கு மாறிவிடுவது நல்லது.

மறுநாள் அடியில் ஊசிபோன்ற படிகங்கள் தெரிந்தால் மருந்து பாலிமரின் தாங்கும் அளவை மீறிவிட்டது. ஒரு துளியைத் தளவிளைவு ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள், படிகங்கள் இருட்டில் மின்னும். மருந்தைப் பாதியாக்குங்கள், அல்லது மருந்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும் பாலிமருக்கு மாறுங்கள்.

ஐபுப்ரோஃபென் துகள்கள் மட்டும் பிசுபிசுத்து ஒட்டுகின்றனவா? அந்த மருந்து 75 முதல் 78 டிகிரியிலேயே உருகும். பாலிமரை இளக்கும் பொருளாகவும் வேலை செய்யும். அதனால் பாலிமரின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) அறை வெப்பத்தை நோக்கி இறங்கிவிடுகிறது. தெளிப்பு உலர்த்தியில் சுவரெல்லாம் ஒட்டுவதற்கும் இதுவே காரணம்.

கரைதிறனை எப்படி அளந்தால் நம்பலாம்?

வழக்கமான முறையில் மிகையான பொடியை 37 டிகிரி நீர்மத்தில் 24 முதல் 72 மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வடிநீரை அளப்பார்கள். சாதாரணப் பொடிக்கு இது சரி. 150 நானோமீட்டர் துகளுக்கு 450 நானோமீட்டர் துளை திறந்த கதவு. துகள் முழுதும் வடிநீரோடு வந்துவிடும். அதைக் கரிமக் கரைப்பானில் கரைத்து மருந்தைப் பிரித்தளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றினால் துகளுக்குள் இருந்த மருந்தும் 'கரைந்த மருந்து' கணக்கில் சேர்ந்துவிடும். இந்தத் தவறுக்கு 50 மடங்கு, 100 மடங்கு ஏற்றத்தைக் காட்டும் வல்லமை உண்டு.

0.2 மைக்ரான், 0.1 மைக்ரான் வடிகட்டிக்குப் போவதும் பாதி வழிதான். நம்பத்தக்க வழிகள் இரண்டு. ஒன்று, 10 அல்லது 30 கிலோடால்டன் (மூலக்கூறு எடை) வரையிலானதை மட்டும் விடும் சவ்வுள்ள மையவிலக்குக் குழாய். இன்னொன்று, 100,000 ஜி விசையில் அதிவேக மையவிலக்கு. அதிலும் கருவி 37 டிகிரியிலேயே இருக்க வேண்டும். 4 டிகிரியில் சுற்றினால் தெவிட்டல் நிலையே மாறிவிடும். எந்தச் சவ்வாக இருந்தாலும், செறிவு தெரிந்த தூய மருந்துக் கரைசலை அதில் விட்டுத் திரும்பக் கிடைக்கும் அளவை முதலில் பாருங்கள். நைலான் போன்றவை சில மருந்துகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். முதலில் வரும் சில துளிகளை ஒதுக்கிவிடுங்கள்.

புற ஊதா நிறமாலைமானியை மட்டும் நம்புகிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும், கருவி அதை உறிஞ்சல் என்று காட்டும். இண்டோமெதசின் மாதிரியை 500 நானோமீட்டரிலும் அளங்கள். அங்கே அந்த மருந்து உறிஞ்சாது. அங்கே எண் பூஜ்யத்துக்கு மேல் நின்றால் 320-இல் வந்த எண்ணிலும் சிதறல் கலந்திருக்கிறது. வெற்றுத் துகள்களை அதே நீர்ப்பில் ஒப்பீடாக வைப்பது இதற்காகத்தான்.

குலுக்கல் முடிந்ததும் பி.எச்.-ஐ மறுபடி அளங்கள். அமில மருந்து கரையக் கரைய பி.எச். இறங்கும். பி.எச்.-ஐ மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் வலுவில்லாமல் இருந்தால் 6.8-இல் தொடங்கி வேறெங்கோ முடித்திருப்பீர்கள். ஒப்பீட்டு மாதிரிகள் வெவ்வேறு பி.எச்.-இல் முடிந்தால் ஒப்பிடவே முடியாது. பாலிமரே அமிலமாக உள்ள யூட்ராஜிட் எல் 100-இல் இது இரட்டிப்பாகும்.

இன்னொரு ஒப்பீடும் விடுபடக் கூடாது. மருந்துப் பொடியும் அதே அளவு பாலிமரும் பரப்புச் செயலியும் வெறுமனே கலந்த கலவை. கரைதிறன் ஏற்றத்தில் எவ்வளவு துகளால் வந்தது, எவ்வளவு கூட இருந்த பரப்புச் செயலியால் வந்தது என்று பிரித்துக்காட்டுவது அது ஒன்றுதான்.

வெளியீட்டுச் சோதனைக்கு எந்த நீர்மம்?

பி.எச். 7.4 தாங்கல் கரைசலில் அமில மருந்து எப்படியும் கரைந்துவிடும், வித்தியாசம் தெரியாது. பி.எச். 1.2-இல் இரண்டு மணி நேரம், பிறகு 6.8 என்று மாற்றிப் பாருங்கள். நீர்மத்தின் அளவு தெவிட்டலுக்குத் தேவையானதைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் மீதெவிட்டல் நிகழவே வாய்ப்பில்லை. பாலிமர் படிகமாதலைத் தடுக்கிறதா என்பதைக் காண வேண்டுமானால் நீர்மத்தை வேண்டுமென்றே குறைக்க வேண்டும்.

டயாலிசிஸ் பை (சிறு மூலக்கூறுகளை மட்டும் விடும் சவ்வுப் பை) வசதியானதுதான். ஆனால் மருந்து பையைக் கடக்கும் வேகமே பல வேளைகளில் வெளியீட்டு வேகமாகத் தெரியும். கரைந்த மருந்தை மட்டும் பையில் வைத்து ஒரு வளைகோடு எடுங்கள். துகளின் வளைகோடு அதோடு ஒட்டி நின்றால் நீங்கள் அளந்தது பையைத்தான்.

டி.எஸ்.சி.யில் (சூடேற்றி வெப்பப் பாய்வை அளக்கும் சோதனை) உருகுநிலை உச்சம் காணாமல் போனால் மருந்து படிகமற்றதாகிவிட்டது என்று எழுதலாமா?

தனியாக அதை வைத்து எழுத வேண்டாம். சூடேறும்போது மருந்து இளகிய பாலிமரில் கரைந்துவிட்டாலும் உச்சம் மறையும். ஏற்றம் குறைவாக இருந்தாலும் மறையும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் கலவையையும் அருகே ஓட்டுங்கள். கலவையிலும் உச்சம் மறைந்தால் அந்தச் சோதனை எதையும் நிறுவவில்லை.

எப்படி உலர்த்தி வைப்பது?

உறைஉலர்த்தல். சிதறலில் 5 முதல் 10 சதவீதம் ட்ரெஹலோஸோ சுக்ரோஸோ சேர்க்காமல் உறையவிட்டால் பனிப்படிகங்கள் துகள்களை நெருக்கி ஒட்டவைத்துவிடும், மீண்டும் நீர் விட்டாலும் பிரியாது. உலர்த்துமுன் இருந்த அளவையும் நீர் விட்ட பின் உள்ள அளவையும் ஒப்பிடுங்கள். விகிதம் 1.3-க்குள் இருந்தால் நல்லது. சீட்டா மின்னழுத்தம் (துகள் மேற்பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் எண்) 30 மில்லிவோல்ட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பாலிவினைல் ஆல்கஹால் போர்த்திய துகள்கள் மின்னூட்டத்தால் அல்ல, போர்வையின் பருமனால் விலகி நிற்கின்றன.

உலர்ந்த பொடி ஈரம் இழுத்தால் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை இறங்கி மருந்து படிகமாகத் தொடங்கும். ஈரமுறிஞ்சியோடு இறுக மூடிவையுங்கள்.

மிச்சக் கரைப்பானுக்கு வரம்பு உண்டா?

உண்டு. சர்வதேச வழிகாட்டு நெறியான ஐ.சி.எச். கியூ3சி-படி எத்தனால், அசிட்டோன், எத்தில் அசிட்டேட் மூன்றுக்கும் 5,000 பி.பி.எம். மெத்தனாலுக்கு 3,000, டைகுளோரோமீத்தேனுக்கு 600, அசிட்டோநைட்ரைலுக்கு 410, குளோரோஃபார்முக்கு 60. டைகுளோரோமீத்தேனில் அருமையான துகள் செய்து அதை நீக்க முடியாமல் தவிப்பதைவிட, முதலிலேயே எத்தனாலிலோ அசிட்டோனிலோ தொடங்குவது எவ்வளவோ மேல்.

இத்தகைய மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றனவா?

மருந்தையே நுண்ணிதாக அரைத்த வகைகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் டைக்ளோஃபெனாக் (சோர்வோலெக்ஸ், 2013), இண்டோமெதசின் (டிவோர்பெக்ஸ், 2014), மெலாக்சிகாம் (விவ்லோடெக்ஸ், 2015) ஆகியவை அனுமதி பெற்றன. டைக்ளோஃபெனாக் 18, 35 மி.கி. என்றும், மெலாக்சிகாம் 5, 10 மி.கி. என்றும் வழக்கத்தைவிடச் சிறிய வேளை அளவுகளில் வந்தன. நானோபடிக மெலாக்சிகாம் ஊசி ஒன்று 2020-இல் அனுமதி பெற்றது. இவற்றில் மருந்தே துகளின் பெரும்பகுதி. மேலே பார்த்த 8 கிராம் கணக்கு ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நானோதுகள் ஆக்கினால் வயிற்றுப்புண் வராதா?

அப்படி உறுதி தர முடியாது. இம்மருந்துகளில் பெரும்பாலானவை இரைப்பையை இரண்டு வழியில் கெடுக்கின்றன. கரையாத பொடி சுவரில் ஒட்டி நேரடியாக அரிப்பது ஒன்று. அந்தத் தொடுகையைப் பி.எச். 6-இல் கரையும் போர்வை குறைக்கக்கூடும். இரத்தத்தில் கலந்த பிறகு காக்ஸ்-1 நொதியைத் தடுத்து, சுவரைக் காக்கும் ப்ராஸ்டாகிளாண்டின்களைக் குறைப்பது மற்றொன்று. மருந்து எந்த வடிவில் உள்ளே போனாலும் இந்த இரண்டாவது நடக்கும். சிறுநீரகம், இதயம் சார்ந்த ஆபத்துகளும் அப்படியே. உறிஞ்சப்படும் அளவு ஏறியும் வேளை அளவைக் குறைக்காவிட்டால் அவை கூடவும் செய்யும்.